லவண்டர் தைலமும் ஒரு லத்தீன் செபமும்

நாற்றத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. உழைக்கிறவன் வீடு நாறத்தான் செய்யும் என்பார்கள். உழைக்கிறவன் வீட்டைக் கழுவுகிறவள் யார் என்று கேட்டால் பதில் வராது. என் மாமனார் அப்படிப்பட்ட ஆள். அவரோடு பத்து வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தேன். அதில் ஒரு நாள்கூட நாங்கள் சமாதானமாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ராயபுரத்தில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் வரிசை இருந்தது. எதிரும் புதிருமாக ஒட்டின பன்னிரண்டு வீடுகள். மேற்குக் காற்று அடித்தால் என்ஜின் கரிப்புகை வரும். கிழக்குக் காற்று அடித்தால் காய்கிற கருவாடு. வடக்கே திரும்பினால் தோல் கிடங்கு. காற்றே அடிக்காவிட்டால் பின்பக்கத்துச் சாக்கடை தன் பங்கைக் கொடுக்கும். முதல் உலக யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆனபின் நான் அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தேன். முதல் வாரம் முழுக்க முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டேதான் சமைத்தேன்.

வீட்டில் மூன்றே பேர். கணவர் ரங்கூன் கப்பலில் கலாசி, மாதத்தில் முக்கால்வாசி நாள் தண்ணீரில் இருப்பார். மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் நானும் மாமனாரும். துறைமுகம் கட்டுவதற்கு முன்பு அவர் மசூலாப் படகில் துடுப்புப் போட்டவர். அப்போதெல்லாம் கப்பல் தூரத்திலேயே நின்றுவிடுமாம். அலையைத் தாண்டித் துரைமார்களைக் கரைக்குக் கொண்டு வருவது இவர்களுடைய வேலை. துறைமுகம் வந்தது, படகு வேலை போனது. அதற்காக அவர் துறைமுகத்தைத் திட்டினார், கப்பலைத் திட்டினார், துரைமார்களைத் திட்டினார். நான் வந்தபின் என்னைத் திட்டினார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து நிழல் மட்டுமே தெரியும். கண்ணில் போன பலமெல்லாம் வாயில் வந்து சேர்ந்திருந்தது.

என்னைத் திட்ட அவருக்கு வசதியான காரணம் ஒன்று இருந்தது. நான் மடத்தில் வளர்ந்தவள். கைக்குழந்தையாக என்னை யாரோ மடத்து வாசலில் விட்டுவிட்டுப் போனார்களாம். கன்னியாஸ்திரிகள் எடுத்து வளர்த்தார்கள், எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து மடத்து டிஸ்பென்சரியில் வேலை செய்தேன். என் பெயரை மாமனார் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்கு நான் மடத்துக்காரி. கோபம் வந்தால் அப்பன் பேர் தெரியாதவள். அவருக்குக் கோபம் வராத நாளை நான் பார்த்ததில்லை.

டிஸ்பென்சரியில்தான் எனக்குத் தைலங்கள் பழக்கம். எதை எத்தனை சொட்டு விடவேண்டும், எதைத் தேங்காயெண்ணெயில் கலக்காமல் தோலில் படவிடக்கூடாது, எதைக் குழந்தைகளுக்குக் கிட்டே கொண்டு போகக்கூடாது, எல்லாம் அங்கே கற்றதுதான். மடத்தில் ஒரே கடிகாரம், அது கூடத்தில் இருந்தது. அதனால் தைலம் தேய்க்கும் நேரத்தை நாங்கள் செபத்தால் அளந்தோம். உடம்பில் ஒவ்வோர் இடத்துக்கும் மாதாவின் மங்கள வார்த்தை செபம் ஒன்று, அதுவும் லத்தீனில். தமிழில் சொன்னால் அவசரப்பட்டு விழுங்கிவிடுவோம் என்பது பெரிய சிஸ்டரின் எண்ணம். அதில் பக்தி ஒன்றும் கிடையாது. நாழிகை வட்டிலுக்குப் பதில் நாக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. தைலம் கையில் பட்டால் வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்துவிடும்.

ராயபுரத்து வீட்டில் தைலம் இல்லாமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. தரை துடைக்கிற தண்ணீரில் எலுமிச்சைப்புல் தைலம் நாலு சொட்டு. ஈயும் ஓடும், கவிச்சியும் ஓடும். பல்வலிக்குப் பஞ்சில் கிராம்புத் தைலம். முழங்கால் பிடிப்புக்குக் கற்பூரத் தைலம். மூக்கடைத்தால் கொதிநீரில் நீலகிரித் தைலம் விட்டு, போர்வையை மூடிக்கொண்டு ஆவி பிடிப்பது. வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் கடையில் வாங்குவேன். வாங்குமுன் அங்கேயே ஒரு காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் காட்டுவேன். நல்ல தைலம் தடம் தெரியாமல் பறந்துவிடும். விளக்கெண்ணெய் கலந்திருந்தால் கறை நிற்கும். கறை நின்றால் பாயோடு சண்டை போடுவேன். அவர் மறு பேச்சுப் பேசாமல் வேறு குப்பி எடுப்பார். நான் வாழ்க்கையில் ஜெயித்த சண்டைகளில் பாதி அந்தக் கடை வாசலில் நடந்தவைதான்.

மாமனாருக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது.

“மீன் வாசம் போனா வூட்ல சோறு பூடும். இன்னா மே, கடலுக்குப் போறவன் வூட்ட கச்சேரிக்காரி வூடு ஆக்கிக்கினு கீற?” என்பார்.

“நாத்தத்துலதான் சோறு வரும்னா இந்தச் சாக்கடையில வைரம் வரணும் மாமா” என்பேன்.

“அப்பன் பேரு தெரியாதவளுக்கு அத்தர் ஒரு கேடா” என்பார். வரிசை முழுக்கக் கேட்கும்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நானும் வரிசை முழுக்கக் கேட்கும்படிதான் சொல்வேன். பொறுமைசாலி மருமகள் என்று யாரும் என்னைப் பற்றி எழுதப் போவதில்லை, நானும் எழுதிக்கொள்ளவில்லை.

எதிர்வீட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். புருஷனுக்கு ரயில்வேயில் வேலை. பல்வலி என்றால் பஞ்சோடு என் வாசலில் நிற்பாள். வலி நின்றதும் தண்ணீர்க் குழாயடியில் போய், அவள் மேலே வீசுகிற வாசனைக்கு எவன் காசு கொடுக்கிறானோ என்று சொல்வாள். இனாமாக வாங்குகிறவளுக்கு வாய் எப்போதும் நீளம்தான்.

நான் சொல்ல வந்தது ஒரு ஐப்பசி மாதத்துச் சங்கதி. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. கணவர் ரங்கூனுக்குப் போய் நாலு நாள். திரும்பி வர இன்னும் மூன்று வாரம் ஆகும். அடைமழை. மாமனாருக்குச் சளி பிடித்துக்கொண்டது. ஆவி பிடிக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். சட்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து நீலகிரித் தைலக் குப்பியைத் திறந்தேன். அவர் கையைத் துழாவிக் குப்பியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். முழுக் குப்பி. வீடு முழுக்க நீலகிரி வாசனை மூச்சை அடைத்தது.

“இப்ப நல்லா மோந்துக்கோ” என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வடிக்க முடியாது. கண்ணாடிச் சில்லைக் கூட்டிக்கொண்டே, இந்த மனுஷன் போய்த் தொலைய மாட்டானா என்று மனசுக்குள் கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியவில்லை. ஆனால் கேட்டேன்.

மூன்றாம் நாள் அவருக்குக் கடுங்காய்ச்சல். மத்தியானத்தில் பிதற்ற ஆரம்பித்தார். அலை வருது, திருப்பு, திருப்பு என்று கட்டிலில் துடுப்புப் போட்டார். மூச்சு நெஞ்சில் அடைத்தது. மழையில் வண்ணாரப்பேட்டைவரை போகவும் முடியாது. மற்றக் குப்பிகள் தீர்ந்துபோய் வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தைலம். எனக்குக் கல்யாணம் ஆனபோது பெரிய சிஸ்டர் கொடுத்த லவண்டர் தைலம், கட்டைவிரல் அளவு குப்பி. அவர்களுடைய சீமையிலிருந்து வந்தது, அங்கே பூக்கிற பூவில் வடித்தது. அதை நான் ஆறு வருஷமாகத் திறக்கவே இல்லை. பெட்டியின் அடியில் புடவைக்குள் சுற்றி வைத்திருந்தேன். எனக்கென்று இருந்த ஒரே நல்ல பொருள் அது. அதை இந்த ஆளுக்காகத் திறக்க வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் திறந்தேன்.

தேங்காயெண்ணெயைச் சூடாக்கி அதில் விட்டுக் கலந்தேன். சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்த வரிசை மாறாமல் தேய்த்தேன். நெற்றி, கண்ணோரம், காதுக்குப் பின்னால், மூக்கின் இரண்டு பக்கம், உள்ளங்கை, கடைசியில் உள்ளங்கால். இடத்துக்கு ஒரு மங்கள வார்த்தை. கால் தேய்க்கும்போது அவர் பிதற்றல் நின்றது. மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தைலம் கண்ணில் பட்டுவிட்டதோ என்று துடைத்துவிட்டேன். அப்படியே தூங்கிப் போனார்.

மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. கஞ்சி கொண்டுபோனேன். கையால் தள்ளினார். எப்போதும் தள்ளுகிற வேகம் அதில் இல்லை.

“இனிமே இன்னாத்துக்குக் கஞ்சி? அதான் அவஸ்தைப் பூசுதல் ஆயிடுச்சே” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் சபையில் சாகக் கிடக்கிறவனுக்குச் சாமியார் வந்து லத்தீனில் செபம் சொல்லி, கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று எண்ணெய் பூசுவார். அதுதான் அவஸ்தைப் பூசுதல். இவருக்குக் கண் தெரியாது. லத்தீன் கேட்டிருக்கிறது, எண்ணெய் நெற்றியிலும் காலிலும் பட்டிருக்கிறது. வாசனையோ அவர் வாழ்நாளில் முகர்ந்தே அறியாத வாசனை. நீலகிரித் தைலமாக இருந்திருந்தால் மடத்துக்காரி வேலை என்று உடனே கண்டுபிடித்துத் திட்டியிருப்பார். அதைத்தான் சுவரில் அடித்து உடைத்துவிட்டாரே.

“மாமா, சாமியாரும் வரல, யாரும் வரல. நான்தான் தைலம் தேய்ச்சேன்.”

“சொம்மா இரு மே. பொய் சொல்லாத. நான் கெடந்த நேரம் பாத்து, என்னியக் கேக்காமயே சாமியார இட்டுகினு வந்து முடிச்சிட்ட. எப்ப போவான்னுதானே பாத்துகினு இருந்த?”

எப்ப போவான் என்று நான் கேட்டது உண்மைதான். அதனால் அவர் சொன்னபோது எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. அந்த ஒரு நிமிஷமே அவருக்குச் சாட்சியாகப் போய்விட்டது.

எங்கள் வரிசையில் ஒரு நம்பிக்கை உண்டு. பூசுதல் வாங்கினவன் பிழைக்க மாட்டான். பிழைக்கிறேன் என்று சோற்றில் கை வைத்தால் அவனுக்குப் பதிலாக வீட்டில் வேறொருவன் போவான். வீட்டில் வேறொருவன் என்றால் கடலில் இருக்கிற மகன். ஆகையால் அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கஞ்சி வேண்டாம், வெந்நீர் வேண்டாம். பெற்ற மகனுக்காகச் சாகிறார், அதில் பொய் கிடையாது. அந்த வைராக்கியத்தைப் பார்த்து எனக்கு மரியாதை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மத்தியானத்துக்குள் எதிர்வீட்டுக்காரி வந்துவிட்டாள். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதைதான்.

“இன்னா தாத்தா, பூசுதல் ஆயிடுச்சாமே? சொல்லவே இல்ல. வூடே கோயிலாட்டம் வாசனையா கீது” என்றாள். என் பக்கம் திரும்பி, “புருசன் வர்ற வரிக்கும் தாங்கலியா ஒனக்கு?” என்றாள்.

அவளை வெளியே போ என்று சொன்னேன். போனாள். போய் மிச்சம் பத்து வீட்டிலும் சொன்னாள். சாயங்காலம் குழாயடியில் எனக்கு யாரும் இடம் விடவில்லை. மருமகள் மாமனாரை அனுப்பிவைக்கிறாள் என்று ஒரு கிழவி என் காது கேட்கவே சொன்னாள்.

இரண்டாம் நாளும் அவர் எதுவும் தொடவில்லை. உதடு வெடித்துவிட்டது. எனக்கு அப்போது இருந்த பயத்தை மறைக்காமல் சொல்கிறேன். அவர் பட்டினியில் போய்விட்டால், என் கணவர் கப்பலிலிருந்து இறங்கி வரிசைக்குள் நுழையுமுன்பே யாராவது அவரிடம் சொல்லிவிடுவார்கள். அதன்பின் நான் என்ன சொன்னாலும் அது தைலக்காரி சொல்வதாகத்தான் இருக்கும். எனக்குத் திரும்பிப் போகத் தாய்வீடு கிடையாது. அந்தக் கிழவர் சாகக்கூடாது. அவருக்காக அல்ல, எனக்காகப் பிழைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் கோயிலுக்கு ஓடினேன். சாமியார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கோபக்காரர். நடந்ததைச் சொன்னேன். அவர் எந்தெந்த இடத்தில் பூசினாய் என்று கேட்டு ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். மடக்க மடக்க முகம் சிவந்தது.

“தேவமாதாவின் செபத்தை நாழிகை பார்க்கவா வைத்திருக்கிறாய்?” என்றார்.

“மடத்துல அப்படித்தான் சாமி கத்துக் குடுத்தாங்க” என்றேன்.

“அவஸ்தைப் பூசுதல் எண்ணெயில் வாசனையே கிடையாது. அதுகூடவா உன் மாமனுக்குத் தெரியாது?”

“அவருக்கு அது முன்னாடி ஒரு தடவையும் ஆனதில்ல சாமி.”

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அதை மறைக்க இன்னும் இரண்டு வசவு சேர்த்துக் கொடுத்தார். சின்ன வயதில் உறுதிப்பூசுதல் வாங்கும்போது நெற்றியில் பூசுகிற தைலத்தில்தான் வாசனை உண்டு, கிழவன் அதை நினைத்துக் குழம்பிவிட்டான் என்று அவரே விளக்கமும் சொன்னார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மணி அடிக்கிற பையன் வேண்டாம், வெள்ளை மேலங்கி வேண்டாம், மணி கேட்டு வெள்ளை நிழல் தெரிந்தால் கிழவர் அங்கேயே கண்ணை மூடிவிடுவார் என்று நான்தான் சொன்னேன். அதற்கும் ஒரு வசவு வாங்கினேன்.

சாமியாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் வரிசையில் எல்லாக் கதவும் திறந்தது. எதிர்வீட்டுக்காரி எங்கள் நிலைப்படிவரை வந்துவிட்டாள். மாமனார் கட்டிலில் எழ முயன்றார்.

“தோத்திரம் சாமி. ரெண்டாவது தபாவா?” என்றார். குரலே இல்லை.

“பெரியவரே, நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேளும். இந்த வருஷத்தில் உம் வீட்டுக்கு நான் வருவது இன்றுதான். உமக்கு நான் எந்தப் பூசுதலும் கொடுக்கவில்லை.”

“லத்தின் கேட்டேனே சாமி.”

“அது உம் மருமகள் சொன்னது.”

“கால்ல பூசனது?”

“அதுவும் அவள்தான்.”

மாமனார் தலையை ஆட்டினார். ஒப்புக்கொள்ளவில்லை.

“அவ என் காலத் தொடமாட்டா சாமி. தொடறா மாதிரியா நான் பேசிகீறேன்? ஆறு வருசமா அவள நான் பேசாத பேச்சு கெடையாது. அதனாலதான் சாமியாருன்னு நெனச்சேன்.”

நிலைப்படியில் நின்றவர்கள் உள்ளே தலையை நீட்டினார்கள். மாமனார் வெடித்த உதட்டை நக்கிக்கொண்டார்.

“கால்ல பூசச்சொல்ல எனக்கு அழுவாச்சி வந்துடுச்சி சாமி. அந்தக் கை அம்மாம் பதமா இருந்துச்சி. சரி, சர்வேசுரன் நம்ம பாவம் எல்லாத்தையும் மன்னிச்சிட்டாரு, இனிமே போலாம்னு நெனச்சேன். இப்ப நீங்க வரலேன்றீங்களே. அப்ப மன்னிச்சது யாரு?”

கேட்டுவிட்டு அந்தப் புரை விழுந்த கண்ணை என் பக்கம் திருப்பினார். நான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. சாமியாரும் என்னைப் பார்த்தார். வரிசையே என்னைப் பார்த்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். நல்ல மருமகள், நல்ல கிறிஸ்தவச்சி என்று எல்லாப் பெயரும் அந்த நிமிஷத்தில் கிடைத்திருக்கும்.

“கஞ்சி ஆறிப் போகுது மாமா” என்றேன்.

அவர் கையை நீட்டினார். கிண்ணத்தைக் கொடுத்தேன். குடித்தார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். மடத்துக்காரி என்று கூப்பிடுவதை விடவில்லை. நானும் பதிலுக்குப் பதில் கொடுப்பதை விடவில்லை. மழைக்காலம் வந்தால் மட்டும் ஒன்றும் பேசாமல் காலை நீட்டுவார். நானும் ஒன்றும் பேசாமல் தேய்ப்பேன். லத்தீன் சொல்லக்கூடாது என்று சாமியார் கண்டித்திருந்ததால் மனசுக்குள் எண் மட்டும் எண்ணுவேன். மன்னித்தாயா என்று அவர் மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு அடுத்த காலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். அது அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், அதனால்தான் அவர் கேட்கவில்லை.